மலாய் சார் வீட்டம்மா

அந்தத் தெருவில் அவருக்கு மலாய் சார் என்று பேர். மலாய் மொழி தெரிந்த வேறு ஆள் சுற்றுவட்டாரத்தில் கிடையாது என்பதால் ஒட்டிக்கொண்ட பேர். அவருக்கு வாழ்க்கைப்பட்டதால் அவள் மலாய் சார் வீட்டம்மா. அவளுக்கும் மலாய் தெரியும், அவர் விசைப்பலகையில் ஒற்றை விரலால் தட்டுவதை அவள் பத்து விரலாலும் தட்டுவாள் என்பதெல்லாம் தெருவுக்கு வேண்டாத விவரம். மளிகைக் கடைக்காரர் சாமானைக் கொடுத்துவிட்டு, "சார் இன்னைக்கு என்ன எழுதறாரு?" என்று கேட்பார். "உங்களைப் பத்திதான்" என்பாள் அவள். முன்பெல்லாம் சொல்லிவிட்டுச் சிரிப்பாள். இப்போது சொல்வதோடு சரி.

பிழைப்பு இதுதான். ஏஜென்சியிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு காகிதக் கட்டு வரும். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற சீட்டு, துணி துவைக்கிற இயந்திரத்தின் கையேடு, ஏதாவது ஒரு கட்டடத்தின் விதிமுறைகள். அவர் அதை மலாயில் எழுதுவார். அவர் எழுதிய மலாயை மட்டும் வைத்துக்கொண்டு, மூலத்தைக் கண்ணால்கூடப் பார்க்காமல், அவள் அதைத் திரும்ப ஆங்கிலத்தில் எழுதுவாள். ஏஜென்சியில் மூல ஆங்கிலத்தையும் இவளுடைய ஆங்கிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். இரண்டும் ஒத்துப்போனால் நடுவில் இருக்கிற மலாய் சரி என்று அர்த்தம். மலாய் தெரியாதவர்கள் மலாயைச் சரிபார்ப்பதற்குக் கண்டுபிடித்த வழி. கேட்பதற்குக் கெட்டிக்காரத்தனமாகத்தான் இருக்கும்.

புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்யலாமா என்று ஏஜென்சியில் முதலில் தயங்கினார்கள். "என் மேசைப் பக்கம் அவ வரமாட்டா. அதுக்கு நான் பொறுப்பு" என்று அவர் வாக்குக் கொடுத்தார். கொடுத்த வாக்கை அவர் காப்பாற்றிய விதத்தைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். அவர் மேசை சுவரைப் பார்த்து, அவள் மேசை ஜன்னலைப் பார்த்து. குளிக்கப் போகும்போது ஆங்கிலக் காகிதத்தின் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டுப் போவார். அப்புறம் குளியலறையிலிருந்து, "துண்டு எடுத்துட்டு வா" என்று சத்தம் வரும். "எந்தத் துண்டு? மேசை மேல இருக்கறதா?" என்று இவள் வேண்டுமென்றே கேட்பாள். "அதைத் தொடாதே! வேற துண்டு!" கட்டின மனைவியைவிட அந்தத் துண்டைத்தான் அவர் அதிகம் நம்பினார்.

அவளும் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. பார்க்கத் தேவையும் இருந்ததில்லை. அவருடைய மலாயைப் படித்தால் மூலம் எப்படி இருந்திருக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

தெரியாமல் என்ன செய்யும்? அவளுக்குத் தெரிந்த மலாய் முழுக்க அவர் கொடுத்தது. கல்யாணத்துக்கு முன் அவர் பிழைக்கப் போன இடத்தில், மலாய் பேசுகிறவர்களோடு ஒரே அறையில் தங்கி, அவர்களோடு சமைத்து, சண்டை போட்டு, காய்ச்சலில் படுத்து, அந்த மொழியைப் பேசிப் பேசியே கற்றுக்கொண்டார். திரும்பி வந்து இவளைக் கட்டிக்கொண்டதும் அடுக்களை டப்பாக்களில் எல்லாம் மலாய்ப் பேர் எழுதி ஒட்டினார். உப்பு டப்பாவில் 'காரம்' என்று ஒட்டியிருந்ததைப் பார்த்து இவள், "உப்புக்குக் காரம்னு பேர் வெச்ச மொழி உருப்படுமா?" என்றாள். உருப்பட்டது மட்டுமில்லை, இந்த வீட்டுக்குச் சோறும் போட்டது. ஆனால் வேறொரு மலாய்க்காரரோடு அவள் பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசியதில்லை. அவர் எந்த வார்த்தையை எங்கே போடுவாரோ அங்கேதான் இவளும் போடுவாள். சரிபார்க்கிறவள் எல்லாவற்றையும் சரிபார்க்கப்படுகிறவரிடமே படித்திருந்தால் அது என்ன சரிபார்ப்பு என்று ஏஜென்சியில் யாரும் கேட்கவில்லை. இவளுக்கும் தோன்றவில்லை.

போன மழைக்காலத்திலிருந்து அவரிடமிருந்து வார்த்தைகள் நழுவ ஆரம்பித்தன. முதலில் வீட்டுக்குள். "அந்த இது எங்கே, தண்ணி கொதிக்க வைக்கறது?" என்பார். வயதானால் எல்லோருக்கும் வருவதுதானே என்று விட்டாள். பிறகு எழுத்தில். ஒரு மருத்துவமனைச் சீட்டில் நாற்காலி என்று வரவேண்டிய இடத்தில், உட்காருவதற்கான பொருள் என்று மலாயில் எழுதியிருந்தார். இவள் ஆங்கிலத்தில் நாற்காலி என்றே எழுதி அனுப்பிவிட்டாள். இன்னொன்றில் ஒரு வரி பாதியில் நின்றிருந்தது. மீதி என்னவாக இருக்கும் என்று யோசித்து இவளே முடித்தாள். ஒட்டுப்போட்டது வெளியே தெரியவில்லை. ஏஜென்சியிலிருந்து, வழக்கம்போல அருமை என்று பதில் வந்தது. அதை அவர் இவளிடம் வாசித்துக் காட்டினார். "பார்த்தியா? இந்த வயசுலயும் ஒரு பிழை சொல்ல முடியல."

அன்றைக்கு அவள் அடுக்களைக்குப் போய்ச் சும்மா குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு நின்றாள்.

தொலைவில் இருக்கிற மகள் தொலைபேசியில் கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். "அப்பா ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்றாரும்மா. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயேன்." இவளும் நயமாகச் சொல்லிப் பார்த்தாள், கோபமாகச் சொல்லிப் பார்த்தாள். "எனக்கு என்ன கேடு? கல்லு மாதிரி இருக்கேன்" என்று அவர் மார்பைத் தட்டிக் காட்டினார். அதற்கு மேல் வற்புறுத்த இவளுக்குப் பயம். அவர் சொத்து என்று சேர்த்தது அந்த மொழி ஒன்றுதான். அது கைவிட்டுப் போகிறது என்று தெரிந்த அன்றைக்கே மனுஷன் இடிந்து படுத்துவிடுவார் என்று அவள் நம்பினாள். அது சரியோ தப்போ, அவருக்குத் தெரியக் கூடாது என்பது ஒன்றுதான் அவளுக்குக் குறி. அதற்காகச் சமையலையும் பார்த்து, தன் வேலையையும் பார்த்து, அவர் வேலையில் பாதியையும் அவருக்குத் தெரியாமல் பார்த்தாள். காலையில் எழும்போதே முதுகு வலித்தது. ஒரு நாள் யாராவது என்னை உட்காரவைத்துச் சோறு போட மாட்டார்களா என்று ஏங்கினாள். அதை யாரிடம் சொல்வது?

இந்த நிலைமையில்தான் முதியோர் இல்லத்தின் விதிமுறைப் புத்தகம் வந்து சேர்ந்தது.

அவர் காகிதத்தை விரித்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். காலை போய்க்கொண்டே இருந்தது, விசைப்பலகைச் சத்தத்தைக் காணோம். இவள் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, காதை மட்டும் முதுகுப் பக்கம் வைத்திருந்தாள். அவர் எழுந்தார், உலாத்தினார், உட்கார்ந்தார். வாய்க்குள் முணுமுணுத்தார். "பென்டுடுக்... இல்லல்ல, அது ஊர் ஜனம்." கொஞ்ச நேரம் கழித்து, "பெமஸ்தாவ்தின்... சே, அது சர்க்கார் காகிதத்துல எழுதறது. வீட்டுக்குள்ள யாரு அப்படிச் சொல்லுவா?"

அவர் எந்தக் கதவைத் தட்டுகிறார் என்று இவளுக்கு உடனே விளங்கிவிட்டது. ஓர் இடத்தில் குடியிருப்பவர்களை, அங்கேயே தங்கி வாழ்கிறவர்களை, ஆங்கிலத்தில் ரெசிடென்ட்ஸ் என்கிறார்களே, அதற்கு மலாய் வேண்டும் அவருக்கு. பெங்ஹுனி. அவ்வளவுதான். அடுக்குமாடி விதிமுறைகளில் அவரே ஆயிரம் தடவை எழுதிய வார்த்தை. இவளுக்கு நாக்கு நுனியில் நின்றது. சொல்லக் கூடாது என்பது ஏஜென்சியின் விதி. அதையாவது மீறலாம். சொன்னால், இதுகூடவா உங்களுக்கு வரவில்லை என்று கேட்டது போல ஆகிவிடும். அதற்கு என்ன செய்வது? பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சின்ன வார்த்தை. ஆனால் அதைத் தேடிக்கொண்டு ஒருவர் அறையில் நடப்பதைக் கேட்பது இவ்வளவு கொடுமையாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு திடீரென்று விசைப்பலகை சடசடவென்று ஓட ஆரம்பித்தது. அவர் தொண்டையைச் செருமி ஒரு பழைய ராகத்தை முனகினார். கிடைத்துவிட்டது! அவளுக்கு அப்படி ஒரு நிம்மதி. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அந்த நிம்மதியோடுதான் அவர் மலாயைக் கையில் வாங்கினாள். தங்களுடைய மேசை நாற்காலியைத் தாங்களே கொண்டு வரலாம், தோட்டத்தில் செடி வைக்கலாம், விருந்தாளிகளைச் சாயங்காலம் வரை உட்காரவைத்துப் பேசலாம் என்று பக்கம் பக்கமாக இருந்தது. யார் வரலாம், யார் வைக்கலாம் என்ற இடத்தில் எல்லாம் அவள் ரெசிடென்ட்ஸ் என்று எழுதிக்கொண்டே போனாள். ஒரு நாள் மாலையில் முடித்து அனுப்பியும் விட்டாள்.

சில வாரம் கழித்து ஏஜென்சிப் பெண் நேரில் வந்தாள். சின்ன வயசு, மரியாதை தெரிந்த பெண். எப்போதும் தொலைபேசியிலேயே முடித்துக்கொள்கிறவள் வாசலில் வந்து நின்றதும் இவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"வாம்மா வாம்மா" என்று அவர் உற்சாகமாக நாற்காலியை இழுத்துப் போட்டார். "அடுத்த வேலை பெருசா?"

"இல்ல அங்கிள். போன வேலை விஷயமாத்தான்." அவள் பையிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்து மேசை மேல் வைத்தாள். "ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. இல்லத்துல புத்தகத்தை அச்சடிச்சுக் கொடுத்துட்டாங்க. அதைப் படிச்சிட்டு ஒருத்தர் சண்டைக்கு வந்துட்டாராம். எங்கம்மா நல்லாத்தானே இருக்காங்க, எதுக்கு நோயாளின்னு போட்டிருக்கீங்கன்னு."

"நோயாளியா?"

"ஆமா ஆன்ட்டி. மலாய்ல எல்லாப் பக்கத்துலயும் பெசாகிட், பெசாகிட்னு இருக்காம். நோயாளின்னு அர்த்தமாமே. அந்த ஒரு சொல் மட்டும் எங்கயும் வரக் கூடாதுன்னு இல்லத்துல முதல்லயே சொல்லியிருந்தாங்க. ஆனா உங்க இங்கிலீஷ்ல எல்லா இடத்துலயும் ரெசிடென்ட்ஸ்னு சரியா இருக்கு. மலாயை மட்டும் பார்த்து எழுதியிருந்தா, அது உங்களுக்கு எங்கிருந்து வந்துச்சு?" அவள் குரல் தாழ்ந்தது. "மூலத்தைப் பார்த்தீங்களான்னு மேல கேக்கறாங்க. எனக்குக் கேக்கவே கஷ்டமா இருக்கு."

இவள் மலாய்க் காகிதத்தைப் பார்த்தாள். பெசாகிட். வரிக்கு வரி பெசாகிட். இதையா நான் படித்தேன்? படித்தாள்தான். கண் படித்தது. ஆனால் காலை முழுக்க அந்த ஒரு வார்த்தைக்காகக் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள், அவர் எழுதியதைப் படிக்காமல் அவர் நினைத்ததைப் படித்திருக்கிறாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அது பழக்கமாகிவிட்டது. நடந்தது அவ்வளவுதான். அதை இந்தப் பெண்ணிடம் சொன்னால் இவள் பேர் கெடாமல் தப்பும். ஆனால் அடுத்த கேள்வி, சார் ஏன் அப்படி எழுதினார் என்பதாகத்தான் இருக்கும்.

அதற்குள் அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காகிதத்தைக் கையில் எடுத்துவிட்டார். ஒரு வரியைப் படித்தார். திரும்ப மேலிருந்து படித்தார். விரலை வைத்து அந்தச் சொல்லைத் தடவினார். நிமிர்ந்தபோது அவர் முகம் கூட்டத்தில் கையை விட்ட குழந்தையின் முகமாக இருந்தது.

"இது நான் எழுதினதா?" என்று கேட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

"நீங்க எழுதல" என்றாள் இவள்.

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"நான்தான் மாத்தினேன். நீங்க குளிக்கப் போயிருந்தப்போ மூலத்தை எடுத்துப் பார்த்தேன். உங்க மலாய்லயும் கை வெச்சேன். இல்லம்னா நோயாளிங்கதானே இருப்பாங்கன்னு நெனைச்சு, உங்க வார்த்தையை எடுத்துட்டு அதைப் போட்டுட்டேன். இங்கிலீஷ் எழுதறப்போ மூலத்துல இருந்ததையே எழுதிட்டேன்." தன் வாயிலிருந்து இவ்வளவு சரளமாகப் பொய் வரும் என்று அவளுக்கே தெரியாது.

"ஆன்ட்டி... நீங்களா?"

"நான்தாம்மா. அவர் மேல ஒரு தப்பும் இல்ல."

அவர் முகத்தில் ரத்தம் திரும்ப ஓடியதை இவள் பார்த்தாள். முதலில் வந்தது நிம்மதி. அந்த நிம்மதியைப் பார்த்ததும், நான் சொன்னதில் பிசகில்லை என்று தேறினாள். அடுத்து வந்தது கோபம். அது வரும் என்று தெரிந்ததுதான்.

ஏஜென்சிப் பெண் காகிதங்களை மடித்தாள். "கொஞ்ச நாளைக்கு வேலை அனுப்ப முடியாது ஆன்ட்டி. என் கையில இல்ல" என்றாள். வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பி இவளை ஒரு தடவை பார்த்தாள்.

கதவு சாத்தியதுதான் தாமதம். "கூட இருந்தே குழி பறிச்சிட்டியே!" என்று அவர் ஆரம்பித்தார். "துண்டைப் போட்டு மூடிட்டுப் போவேன். அதைத் தூக்கிப் பார்த்திருக்கே! எத்தனை வருஷமா நடக்குது இது? நான் சொல்லிக் கொடுத்த மலாய் எனக்கே திருத்தம் போடுதா?" அவருக்கு வார்த்தைகள் தட்டுத் தடங்கல் இல்லாமல் வந்தன. திட்டும்போது மட்டும் ஒன்றும் மறப்பதில்லை. அவள் அரிசியைக் களைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். இனிமேல் அவர் வேலையில் ஒட்டுப்போட வேண்டியதில்லை என்ற எண்ணம் வந்தது. அதில் ஒரு சந்தோஷமும் வந்தது. இந்த நேரத்தில் சந்தோஷப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. உடம்பு அவ்வளவு அலுத்திருந்தது, எதையும் தள்ளிவிடத் தெம்பில்லை.

அடுத்த சில நாள் அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். கோபம் சோற்றின் மேல் இல்லை. தட்டுப் போட்டால் வந்து உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டுப் போவார். "மோர் வேணுமா?" என்றால் தம்ளர் மட்டும் நீளும். தெருவில் யாரிடமாவது சொல்லிவிடுவாரோ என்று இவளுக்கு உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. திருட்டுப் பட்டம் கட்டிக்கொள்வது எளிது, கட்டிக்கொண்டு காய்கறி வாங்கப் போவது கஷ்டம்.

ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டாள். தொலைபேசி அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது, அவரே எடுத்தார். இவள் கரண்டியோடு அடுக்களை வாசலில் நின்றாள். போச்சு, எல்லாவற்றையும் கொட்டப் போகிறார். மகள் தோண்டித் துருவிக் கேட்பாள், உண்மை தானாக வெளியே வரும். பட்ட பாடு அத்தனையும் வீண்.

"அம்மா நல்லா இருக்காம்மா" என்றார் அவர். "கொஞ்சம் தலைவலி. படுத்திருக்கா. வேலையா? கொஞ்ச நாள் வேலை வேணாம்னு நான்தான் சொல்லிட்டேன். எவ்வளவு நாளைக்குத்தான் அவளும் மாடு மாதிரி உழைப்பா?"

வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். பிறகு, "இங்க வா" என்று கூப்பிட்டார். இவள் போய்ப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பொண்ணுகிட்ட நான் ஒண்ணும் சொல்லல."

"ம்."

"சொல்லவும் மாட்டேன். நீ பயப்படாதே." அவர் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு பேசினார். "நானும் படுத்துப் படுத்து யோசிச்சேன். நீ அப்படிச் செய்யறவ இல்ல. என் மேசைப் பக்கம் வராத ஆளு, வந்து பார்த்து, நல்லா இருந்த வார்த்தையை எடுத்துட்டுத் தப்பானதைப் போட்டிருக்கேன்னா, அது நீ வேணும்னு செஞ்சது இல்ல. உனக்கு ஏதோ தடுமாற்றம். வயசாகுது பாரு. கோபத்துல நான் கண்டபடி பேசிட்டேன்."

கையில் இருந்த கரண்டியை அவள் கீழே வைத்தாள். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவளுக்கே உறுதியில்லை.

"ஒரு டாக்டர்கிட்ட காட்டிடலாம்" என்றார் அவர். "மறதிக்குன்னே ஒருத்தர் இருக்காராம், பொண்ணு எப்பவோ சொன்னா. நாளைக்கே போகலாம்."

எத்தனை மாதமாகத் தாயும் மகளும் கெஞ்சியது! அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏய், எதுக்கு அழறே? எல்லாருக்கும் வர்றதுதான்."

"எனக்குப் பயமா இருக்கு" என்றாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. "தனியா உள்ள போகமாட்டேன். டாக்டர் என்ன கேட்டாலும் நீங்களும் கூட உக்காந்து பதில் சொல்லணும்."

"சொல்றேன். அதுக்கென்ன? உன்னைத் தனியா விட்டுடுவேனா?" அவர் நாற்காலியை நகர்த்தி நெருங்கி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அவர் கேக்கறப்போ ஏதாவது வார்த்தை வரலைன்னா, முழிக்காம என் பக்கம் திரும்பிப் பாரு. நான் எடுத்துக் கொடுக்கறேன்."